வாளிக்காரன் ரிலீஸ்

மேலப்பாளையம் பஜாரில் நூகு பாயின் மெத்தைக் கடைக்கு யார் போனாலும் முதலில் படுத்துவிட வேண்டும். நின்றபடி கையால் அமுக்கிப் பார்த்து மெத்தை வாங்குகிற ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "கையா வே படுக்கப் போவுது? முதுகுல்லா படுக்கும். செருப்பக் கழட்டிட்டுச் சாயும்" என்பார். வந்தவர் சாய்ந்து கண்ணை மூடியதும், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் வெளிவராத ஏதாவது ஒரு சினிமாவின் கதையைத் தொடங்குவார்.

வெளிவந்த படங்களைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. ஒரு படம் தியேட்டருக்கு வந்துவிட்டால் அவரைப் பொறுத்தவரை அது செத்த படம். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு டீசர். அதில் ஒரு கார் கவிழும், ஒரு பெண் திரும்பிப் பார்ப்பாள், யாரோ ஒருவனுடைய கை துடிக்கும். அது போதும். அந்தக் கை யாருடையது, அது ஏன் துடிக்கிறது, அந்தக் கைக்குச் சொந்தக்காரனின் தங்கைக்குக் கல்யாணம் எப்படி நின்றுபோனது என்று கிளைமாக்ஸ் வரைக்கும் பாய் சொல்லிவிடுவார்.

"வரப்போற படத்துல ஒரு குத்தம் கண்டுபிடியும் பாப்போம். முடியாது. வந்த படத்துல குத்தத்தத் தவிர என்ன இருக்கு?" என்பது அவர் கட்சி.

இதனால் ஜங்ஷன் பக்கம் இருந்த முத்துமாலை டாக்கீஸில் சண்டைகள் நடந்தன. படம் முடிந்ததும் யாராவது ஒருவர் மேனேஜர் வேதநாயகத்தின் அறைக்குள் புகுந்து, "மணிமுத்தாறு டேம்ல இருந்து டிராக்டரோட குதிப்பானே, அந்த சீன ஏன் வெட்டுனிய?" என்று கேட்பார். அப்படி ஒரு சீனே இல்லை என்று வேதநாயகம் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். களக்காட்டிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர், கதாநாயகியின் அப்பா செத்தது அநியாயம், மெத்தைக் கடையில் அவர் பிழைத்துக்கொண்டார் என்று கத்தியபோதுதான் வேதநாயகத்துக்கு விஷயம் பிடிபட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நேராக மேலப்பாளையத்துக்கு வந்தார். கடை வாசலில் நின்று, "இங்க யாரு வே நூகு?" என்று அதட்டினார்.

"நான்தான் அண்ணாச்சி. செருப்பக் கழட்டிட்டுச் சாயுங்க" என்றார் பாய்.

வேதநாயகத்துக்கு மூட்டு வலி. சாய்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்தபோது தீபாவளிக்கு வரவிருந்த ஒரு படத்தின் கதை முழுவதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணோரம் ஈரமாக இருந்தது. மெத்தையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அன்றிலிருந்து இருவரும் சிநேகம்.

நூகு பாய்க்கு சினிமாமீது இப்படி ஒரு பிடிப்பு வந்ததற்குக் காரணம் சினிமா அல்ல. ஒரு வீடியோ கேம்.

தொண்ணூற்றேழாம் வருஷக் கோடை விடுமுறையில் அவர் பாய் இல்லை, வெறும் நூகு. அவனோடு ஒரே பெஞ்சில் படித்த சிவசங்கரனின் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து டிவியில் சொருகி விளையாடுகிற கேம் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். கொக்கிரகுளத்தில் சிவசங்கரன் வீட்டு முன்னறையில் அது குடியேறியது. மஞ்சள் நிறக் கேசட். அதன்மேல் இருந்த எழுத்து சீன மொழியா, ஜப்பான் மொழியா என்று இருவருக்கும் தெரியாது. கேசட்டின் வாயில் ஊதிச் சொருகினால் விளையாட்டு வரும்: குட்டையாக ஒருத்தன் கையில் வாளியோடு நிற்பான். தூரத்தில் ஒரு வீடு எரியும். எட்டு ஆறுகளைத் தாண்டித் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். காக்கா கொத்தும், முதலை கடிக்கும், தேங்காய் மாதிரி ஏதோ தலையில் விழும்.

இருவரும் அவனுக்கு வாளிக்காரன் என்று பெயர் வைத்தார்கள். அருவி இருந்ததால் இரண்டாவது ஆறு மணிமுத்தாறு. பல ஆறுகள் ஒன்றாகக் கூடியதால் ஐந்தாவது சீவலப்பேரி. ஏழாவது ஆற்றில் எப்போதும் செத்தார்கள். அதற்குக் கணக்கு வாத்தியாரின் பெயரை வைத்தார்கள்.

பெட்டி சீக்கிரம் சூடாகிவிடும். அதனால் சிவசங்கரனின் அப்பாவுடைய பனியன் ஒன்றை நனைத்துப் பிழிந்து அதன்மேல் போட்டுத்தான் விளையாடுவார்கள். விடுமுறை முடியப்போகிற ஒரு மதியம், நூகு ஏழாவது ஆற்றைத் தாண்டிவிட்டான். எட்டாவதையும் தாண்டினான். புகை விலகியது. எரிகிற வீட்டு வாசலில் ஒரு பெண் கையைத் தூக்கியபடி நின்றாள். கையின் மேல் நாலு சிவப்புப் புள்ளிகள். அவ்வளவுதான், படம் அப்படியே உறைந்துவிட்டது.

"பூ வச்சிருக்காலே. அவன் பொண்டாட்டி. புருசன் வந்துட்டான்னு பூவ ஆட்டுதா" என்றான் நூகு.

"பூவாவது காயாவது. தீவட்டிலே அது. வீட்டுக்குத் தீ வச்சதே இவதான்" என்றான் சிவசங்கரன்.

வாக்குவாதம் முற்றியது. கட்டிப் புரண்டார்கள். அந்தப் புரளலில் பனியன் நசுங்கி, மிச்சமிருந்த தண்ணீர் பெட்டிக்குள் இறங்கி, டப்பென்று ஒரு சத்தத்தோடு எல்லாம் முடிந்துபோயிற்று. பனியனை அமுக்கியது யார் என்பதில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு. அதோடு பேச்சு நின்றது.

பேச்சுத்தான் நின்றதே ஒழிய விவாதம் நிற்கவில்லை. நூகு சவுதிக்குப் போய் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்துத் திரும்பி, வாப்பாவின் மெத்தைக் கடையை ஏற்றபோது, சிவசங்கரனிடமிருந்து கல்யாணப் பத்திரிகை ஒன்று தபாலில் வந்தது. அதன் கீழே பேனாவால் எழுதியிருந்தது: 'அது தீவட்டிதான்.' நூகு கல்யாணத்துக்குப் போனார். சாப்பிட்டார். யாரிடமும் பேசாமல் ஒரு ஜோடித் தலையணையைப் பரிசாக வைத்துவிட்டு வந்தார். தலையணை உறையில் நூலால் 'பூ' என்று தைத்திருந்தது. புதுப்பெண் பிரியதர்ஷினி அதைத் தன் செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டு வெகுகாலம் சந்தோஷமாக இருந்தாள்.

நூகு பாயின் மனைவி முஃபீதா மேலப்பாளையத்தில் ஒரு முஸ்லிம் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நிக்காஹ் முடிந்த வாரத்திலேயே வாளிக்காரன் கதையை அவளிடம் பாய் சொல்லியிருந்தார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, சோத்தத் திங்கிறியளா?" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலை, பாய் கையில் போனோடு நடுவீட்டில் நின்று "வாளி! வாளி!" என்று அலறினார்.

"பாத்ரூம்லதான் இருக்கு" என்றாள் முஃபீதா உள்ளேயிருந்து.

போனில் ஒரு போஸ்டர். கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு வாளி. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அந்தப் பழைய விளையாட்டைக் கோடி கோடியாகக் கொட்டிப் படமாக எடுக்கப்போகிறது. தமிழிலும் பேசவைத்து வெளியிடப்போகிறது. பாய் அன்று கடை திறக்கவில்லை. திறந்த பிறகு வேறு எந்தப் படத்தின் கதையும் அங்கே ஓடவில்லை. யார் படுத்தாலும் வாளிக்காரன்தான்.

படம் பொங்கலுக்கு வருகிறது என்றார்கள். வரவில்லை. கோடைக்கு என்றார்கள். பிறகு தீபாவளி, பிறகு அடுத்த பொங்கல். ஒவ்வொரு முறை தள்ளிப்போகும்போதும் பாயின் முகத்தில் ஒரு ஒளி வரும். "நல்ல படம்னா தள்ளிப் போகத்தான் செய்யும். உள்ள வேல நடக்குதுல்லா" என்பார். தள்ளிப்போகப் போகக் கதை வளர்ந்தது. வாளிக்காரனுக்கு ஒரு தம்பி வந்தான். முதலைக்கு ஒரு முன்கதை வந்தது. தென்னை நார் மெத்தையில் படுத்துக் கதை கேட்கத் தொடங்கியவர், பஞ்சு மெத்தைக்கு மாறி, ஸ்பாஞ்ச் மெத்தைக்குப் போனபிறகுதான் ஐந்தாவது ஆற்றைத் தாண்டுவார். சீவலப்பேரியிலிருந்து மாமியாருக்குத் தலையணை வாங்க வந்த பிச்சைக்கண்ணு என்கிற விவசாயி அப்படித்தான் மாட்டினார். ஆறாவது ஆற்றங்கரையில் டவுன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாளிக்காரனை நட்டாற்றில் விட்டுவிட்டுத் தலையணையோடு ஓடினார்.

"ரிலீஸ் அன்னைக்கு நான் வந்துருவேன் பாய். பொழச்சானா, போனானான்னு தெரியாம தூக்கம் வராது" என்று ஓடிக்கொண்டே கத்தினார்.

கடைசியில் அது ஒரு வெள்ளிக்கிழமை வந்தேவிட்டது. திருநெல்வேலியில் அந்தப் படத்துக்கு ஒரே தியேட்டர், முத்துமாலை டாக்கீஸ். தினம் ஒரே காட்சி, காலை பத்தரை. முஃபீதாவின் பள்ளிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அவளையும் பாய் இழுத்துக்கொண்டு போனார். வராத படத்தின் மனிதரான அவர், படம் வந்த நாளில் தியேட்டர் வாசலில் நின்றதைப் பார்த்து வேதநாயகமே ஆச்சரியப்பட்டார். அந்த நாலு புள்ளியைத் தெரிந்துகொள்ளாமல் பாயால் இருக்க முடியாது.

உள்ளே பாதி அரங்கு நிறைந்திருந்தது. ஏறக்குறைய அத்தனை பேரும் அவர் கடையில் படுத்துக் கதை கேட்டவர்கள். முன்வரிசையில் பிச்சைக்கண்ணு. கடைசி வரிசையில், அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்த இன்சூரன்ஸ் அதிகாரி சிவசங்கரன். தலை நரைத்திருந்தது. பாயும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், இருவரும் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. திரை வெள்ளையாகவே இருந்தது. இந்தக் காலத்துப் படம் பெட்டியில் வருவதில்லை. முன்கூட்டியே தியேட்டரின் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். ஆனால் அதைத் திறக்க மும்பையிலிருந்து ரகசிய எண் ஒன்று வரவேண்டும். தியேட்டர்காரர்கள் அதைச் சாவி என்பார்கள். சாவி வரவில்லை. மும்பையில் போனை எடுத்தவர் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உள்ளே விசில் பறந்தது. ஒருவர் நாற்காலியை உதைத்தார். வியர்த்து வழிந்தபடி வேதநாயகம் நூகு பாயின் அருகில் குனிந்தார்.

"பாய், என்னையக் காப்பாத்தும். சாவி வார வரைக்கும் முன்னால போயி நின்னு ஒரு பத்து நிமிசம் சொல்லும்."

"எதச் சொல்ல?"

"இந்தப் படத்தத்தான் வே. இன்னும் வரலல்லா?"

அந்த நியாயம் பாய்க்குப் பிடித்தது. எழுந்துபோய்த் திரைக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறினார். வாசலை மறித்து நிற்கும் வண்டிகளின் எண்களை அறிவிக்கிற மைக்கைக் கொடுத்தார்கள். தொண்டையைச் செருமினார்.

"ஒரு ஊர்ல ஒருத்தன். கையில ஒரு வாளி."

அரங்கு அடங்கியது. முதல் ஆறு, காக்கா. மணிமுத்தாறு, அருவி. தம்பி செத்தபோது முன்வரிசையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிச்சைக்கண்ணு விட்ட ஆறாவது ஆறு வந்தபோது அவர் எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஏழாவது ஆறு.

"தண்ணிக்குள்ள ரெண்டு முதல" என்றார் பாய்.

"மூணு!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

கால் நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்ட பிறகு சிவசங்கரன் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. பாய் மைக்கை இன்னும் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"ரெண்டுதாம்லே. மூணாவது மரக்கட்ட."

"மரக்கட்டைக்கு வாய் இருக்குமாலே? என்னையக் கடிச்சிருக்குலே அது!" என்று சொல்லிக்கொண்டே சிவசங்கரன் விறுவிறுவென்று இறங்கி வந்தார். மேடையில் ஏறினார். மூன்றாவது முதலை எந்த இடத்தில் எப்படிக் கிடந்தது என்று காட்டுவதற்காக, தேய்த்து மடிப்புக் கலையாத பேன்ட்டோடு குப்புறப் படுத்தார். படுத்தபடியே வாயைத் திறந்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது. பாய் அவரைத் தாண்டிக் குதித்தார். தண்ணீர் சிந்தவில்லை.

அதே வேகத்தில் வேதநாயகம் இடைவேளை விட்டார். படம் ஓடாததால் விளக்குகள் முதலிலிருந்தே எரிந்துகொண்டுதான் இருந்தன. இடைவேளை என்று மக்களுக்குத் தெரியவேண்டுமே என்று அவற்றை அணைத்துவிட்டார். எல்லோரும் இருட்டில் தடவித் தடவிப் போய்ப் பப்ஸும் டீயும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். விளக்கு எரிந்தது. மேடையில் சிவசங்கரன் இன்னும் முதலையாகவே கிடந்தார்.

எட்டாவது ஆறு முடிந்தது. புகை விலகியது. வாசலில் பெண். பாய் கையைத் தூக்கிக் காட்டினார். "அவ கையில ஒரு செவப்புப் பூ—"

"தீவட்டி" என்றது முதலை.

"பூ!"

"தீவட்டி!"

அரங்கு இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் பூ, வலப்பக்கம் தீவட்டி. பப்ஸ் தூள் பறந்தது. பொண்டாட்டியைச் சந்தேகப்படுகிறவன் உருப்படுவானா என்று ஒருவர் கேட்டார். தீ தானாகவா பற்றும் என்று இன்னொருவர் கேட்டார். வேதநாயகம் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார், யாரும் அடங்கவில்லை. பிச்சைக்கண்ணு முன்வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் நடுவில் அழாத குறையாக நின்றார். "ஏதாவது ஒண்ணச் சொல்லுங்கய்யா. நான் ஊருக்குப் போயி என்னத்தச் சொல்ல?"

அப்போது முஃபீதா எழுந்தாள். ஒரு வகுப்பை அமைதிப்படுத்துகிற குரலில், "எத்தன புள்ளி?" என்று கேட்டாள்.

"நாலு" என்றார்கள் இருவரும் ஒன்றாக.

"வரிசையாவா, கூட்டமாவா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "வரிசையா" என்றார் சிவசங்கரன். "பக்கத்துல பக்கத்துல" என்றார் பாய்.

முஃபீதா தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். முந்தின வாரம் ஒரு நிக்காஹ் வீட்டில் இட்ட மருதாணி, நாலு விரல் நுனியிலும் சிவந்திருந்தது.

"கையில ஒண்ணுங் கெடையாது. மருதாணி. தீ எப்பவோ அணஞ்சு போச்சி, வாளிய வச்சிட்டுச் சாப்பிட வாங்கன்னு கூப்பிடுதா. இதுக்கா இவ்வளவு நேரம்?"

மேடையில் இருவரும் தங்கள் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எங்கோ ஒரு விசில் கிளம்பியது, அடுத்தது, அப்புறம் கூரை அதிர்ந்தது. பிச்சைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டு, "நல்ல படம், நல்ல படம்" என்று சொல்லிக்கொண்டே வெளியே நடந்தார். இடமும் வலமும் கலந்து எல்லோரும் அவர் பின்னால் நடந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் சாவி வந்தது. ஆபரேட்டர் படத்தைப் போட்டார். திரை முழுக்க ஒளி, காது கிழிகிற இசை. வேதநாயகம் வாசலில் நின்று, "வாங்கய்யா, படம் போட்டாச்சு!" என்று கூப்பிட்டார். "பாத்தாச்சுல்லா அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் பாயும் கிளம்ப வேண்டியதாயிற்று. சிவசங்கரன், "ஏறுலே, நான் கொண்டாந்து விடுதேன்" என்று ஸ்கூட்டரைத் திருப்பினார். முஃபீதா மட்டும் எழுந்திருக்கவில்லை. ஏசி அப்போதுதான் குளிரத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குப் போனால் சமைக்க வேண்டும்.

தொழுகை முடிந்து பாய் வரும் வரைக்கும் சிவசங்கரன் பள்ளிவாசல் தெருவில் ஸ்கூட்டரோடு நின்றார். இருவரும் திரும்பத் தியேட்டருக்கு வந்தபோது, அத்தனை பெரிய அரங்கில் தனியாக அத்தனை கோடி ரூபாய்ப் படத்தைப் பார்த்து முடித்துவிட்டு முஃபீதா படியிறங்கி வந்தாள்.

"என்ன காட்டுனான்? பூவா, தீவட்டியா, மருதாணியா?" என்று பாய் கேட்டார்.

"பொம்பளையே கெடையாது."

"என்னது?"

"வாசல்ல ஒரு ரோபோ நாய் நிக்கிது. அது வால ஆட்டுது. முடிஞ்சி போச்சி."

சிவசங்கரன் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டார். நூகு பாய்க்குப் பொறுக்கவில்லை. எட்டு ஆறு தாண்டி ஒருத்தன் நாய்க்காகவா தண்ணீர் கொண்டு வந்தான்? "விட்டுருவமாலே இத?" என்று சிவசங்கரன் கேட்டார். விடக்கூடாது என்றார் பாய். இருவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கம்பெனிக்காரர்களை நெல்லைத் தமிழில் வைதார்கள். மும்பையையும் சேர்த்து வைதார்கள். வைதுகொண்டிருக்கும்போது பாய் திடீரென்று சிரித்தார், சிவசங்கரனும் சிரித்தார், பனியனை அமுக்கியது யார் என்ற பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. தூரத்தில் நின்ற முஃபீதா, தான் பாட்டுக்கு ஒரு ஆட்டோவைக் கைகாட்டி ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெத்தைக் கடை வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. முன்னால் பிச்சைக்கண்ணு. பின்னால் சரக்கு ஏற்றுகிற இடத்தில் அவர் மனைவி, மாமியார், மாமியாரின் தங்கைமார், மச்சினன்கள், நாற்று நடவுக்கு வருகிற பெண்கள். பெரும்பாலானவர்கள் குளித்துப் பூ வைத்திருந்தார்கள்.

"தியேட்டருக்குத்தாம் பாய் போனோம்" என்றார் பிச்சைக்கண்ணு. "அங்கன ஏதோ நாய்ப் படம் ஓடுது. என்னைய ஏமாத்திட்டியளான்னு மேனேஜர்ட்ட சண்ட போட்டேன். நீரு பாத்த படம் இங்கன கெடையாது, மேலப்பாளையத்துல ஓடுதுன்னு அனுப்பி வச்சாரு. இவங்கள்லாம் பாக்கணுங்காவ."

பாய் சிவசங்கரனுக்குப் போன் செய்தார். முதலை இல்லாமல் தொடங்க முடியாது. அவர் வருவதற்குள் வந்தவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு, கடையில் இருந்த மெத்தைகள் அத்தனையிலும் வரிசையாகப் படுத்துவிட்டார்கள். முஃபீதா பெரிய பாத்திரத்தில் டீ போட்டாள். கதை தொடங்கியது. காக்கா வந்தது, அருவி வந்தது. சிவசங்கரன் குப்புறப் படுத்தார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, ஸ்பாஞ்ச் மெத்தையில் கிடந்த பிச்சைக்கண்ணுவின் மாமியார் தலையைத் தூக்கினாள்.

"இதுல பாட்டு ஒண்ணுங் கெடையாதா?"

பாய் திகைத்தார். இரண்டு வருஷமாக அந்தக் கதையைச் சொல்லியும், பாட்டைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. முதலையைப் பார்த்தார். முதலை மெல்ல எழுந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூட நாட்களில் சிவசங்கரன் காலைப் பிரார்த்தனையில் பாடுவான் என்பது பாய்க்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிவசங்கரன் கண்ணை மூடி, வாளியைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் அதுவரை யாரும் எழுதாத ஒரு பாட்டை, வார்த்தை வார்த்தையாகத் தேடித் தேடிப் பாடத் தொடங்கினார். மாமியார் திருப்தியாகத் தலையணையில் சாய்ந்தாள். எதிர்த்த தையல் கடையில் மெஷின் சத்தம் நின்றது.